பத்து நாள் மட்டும் சர்க்கரை கம்மி

"இனி டீக்குச் சர்க்கரையே கிடையாது" என்று மூன்று புத்தாண்டுக்குச் சபதம் போட்டேன். பொங்கல் வரைகூடத் தாங்கவில்லை. நாலாவது முறை, பத்தே நாள், காலை டீக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டேன். இரண்டு ஸ்பூன் ஒன்றரையானது, அடுத்த பத்து நாளில் ஒன்று. ஜெயித்த நாளின் காலண்டர் தாளைக் கிழித்து ஆணியில் குத்தி வைப்பேன். சின்னப்பிள்ளைத்தனம்தான், ஆனால் வேலை செய்தது.

21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்பார்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் 2009 ஆய்வில் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை. நடுவில் ஒருநாள் தவறினாலும் பெரிய பாதிப்பில்லையாம். அதனால் கல்யாண வீட்டு காபிக்காக வருந்த வேண்டாம்.

கடையில் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மாஸ்டர் கை தன்னால் சர்க்கரை டப்பாவுக்குப் போய்விடும்.