சுவருக்குள் குளவிக் கூடு: துளையை அடைக்காமல் விட்டதே பலித்தது

படுக்கையறைச் சுவருக்குள் தாளைச் சுரண்டுவது போன்ற ஓசை கேட்டதும், சுவிட்ச் பெட்டியின் இடுக்கிலிருந்து ஓரிரு குளவிகள் வெளிப்பட்டதும்தான் முதல் அறிகுறி. வெளிச்சுவரில் அவை நுழைந்த விரல் பருமனுள்ள துளையைச் சிமெண்டால் பூசியது என் பெருந்தவறு. வெளிவழி அடைபட்டதால், மறுநாள் இருபதுக்கும் மேற்பட்டவை அறைக்குள் வந்து சன்னல் கண்ணாடியில் மோதிக்கொண்டிருந்தன. பூச்சைப் பெயர்த்துவிட்டு அடித்த தெளிப்பு மருந்தும் வீணானது. சுவரில் காதை வைத்துக் கேட்டபோதுதான் கூடு துளைக்கு நேராக இல்லாமல் ஒரு முழம் தள்ளி மேலே இருப்பது புரிந்தது.

இறுதியில், சுவிட்ச் பெட்டியின் இடுக்கை நாடாவால் ஒட்டிவிட்டு, இருட்டிய பின் உடல் முழுவதும் மூடிக்கொண்டு, குளவிக்குச் சரியாகத் தெரியாத சிவப்பு ஒளியில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லித் தூளைத் துளைவாயில் ஊதிவிட்டு, அதைத் திறந்தே வைத்தேன். போய்வரும் குளவிகளே காலில் ஒட்டிய தூளைக் கூட்டுக்குக் கொண்டுசென்றன. மூன்றாம் நாள் ஓசை நின்றது. மேலும் ஒரு வாரம் பார்த்த பிறகே துளையை அடைத்தேன்.