மார்ச் முதல் திங்கட்கிழமை: சிகாகோவுக்குப் புதிதாக வருபவர்களுக்குப் புலாஸ்கி நாள் பற்றி

இல்லினாய் மாநிலத்தில் முதல் குளிர்காலத்தைக் கடக்கும் குடும்பங்கள், மார்ச் மாதத்தின் முதல் திங்கட்கிழமைக்கு எதிரே ‘கசிமிர் புலாஸ்கி நாள்’ என்று நாட்காட்டியில் கண்டு, யார் இவர் என்று கேட்பது இயல்பு. இது மத்திய அரசின் விடுமுறை அல்ல. ஆகவே அஞ்சல் வரும், வங்கிகள் திறந்திருக்கும், தனியார் நிறுவனங்கள் வழக்கம்போல் இயங்கும். ஆனால் சிகாகோவை உள்ளடக்கிய குக் கவுண்டியின் அலுவலகங்களும் நீதிமன்றங்களும் சிகாகோ பொது நூலகமும் அன்று மூடப்படுவது வழக்கம் என்பதால், அங்கே உங்களுக்கு வேலை இருந்தால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். பள்ளிகள் ஒரே மாதிரி நடப்பதில்லை. இந்த நாளில் வகுப்பு நடத்த, பள்ளிகளை நிர்வகிக்கும் பள்ளி மாவட்டங்களுக்கு மாநிலச் சட்டம் வழிவிட்ட பிறகு, சிகாகோ நகரப் பள்ளிகள் உட்படப் பலவும் விடுமுறையைக் கைவிட்டன. எனவே புறநகரான நேப்பர்வில்லில் இருக்கும் நண்பர் சொன்னதை வைத்து முடிவெடுக்காமல், உங்கள் பள்ளி மாவட்டத்தின் நாட்காட்டியையே பாருங்கள்.

விடுமுறை கிடைக்கிறதோ இல்லையோ, அந்த மனிதரை அறிந்துகொள்வது நல்லது. ஏனெனில் அவரும் இந்த நாட்டுக்கு வெளியிலிருந்து வந்தவர்.

கசிமிர் புலாஸ்கி 1745-இல் போலந்தில் ஒரு பிரபுக் குடும்பத்தில் பிறந்தார். தம் நாட்டின்மீது ருஷ்யா செலுத்திய ஆதிக்கத்தை எதிர்த்து 1768-இல் எழுந்த கிளர்ச்சியில் தந்தையோடும் சகோதரர்களோடும் சேர்ந்து போரிட்டார். செஸ்டகோவா நகரின் யாஸ்னா கூரா மடாலயத்தை முற்றுகையிலிருந்து காத்ததால் அவர் பெயர் ஐரோப்பாவெங்கும் பரவியது. கிளர்ச்சி தோற்றது. மன்னரைக் கடத்தும் சதியில் பங்குகொண்டார் என்ற குற்றச்சாட்டின்பேரில், அவர் ஊரில் இல்லாத நிலையிலேயே அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. நாடு திரும்ப வழியில்லாமல், கடன் தொல்லையில் பிரான்சில் சிறையிலும் இருந்து மீண்ட அந்த இளைஞர், பிரிட்டனை எதிர்த்து விடுதலைப் போர் நடத்திக்கொண்டிருந்த அமெரிக்காவின் தூதராகப் பாரிஸில் இருந்த பெஞ்சமின் பிராங்க்ளினின் பரிந்துரைக் கடிதத்தைப் பெற்று, 1777 ஜூலையில் மாசசூசெட்ஸ் கரையில் வந்திறங்கினார்.

அந்த ஆண்டு செப்டம்பர் 11-ஆம் நாள் பிராண்டிவைன் போரில் ஜார்ஜ் வாஷிங்டனின் படை தோற்றுப் பின்வாங்கியபோது, குதிரை வீரர்களோடு எதிரியின்மீது பாய்ந்து அந்தப் பின்வாங்கலுக்கு நேரம் வாங்கித் தந்தவர் புலாஸ்கி. சில நாட்களில் குதிரைப்படைக்குத் தலைவரானார். ஆங்கிலம் சரியாகப் பேச வராததும், கீழிருந்த அதிகாரிகளோடு ஒத்துப்போகாததும் அவருக்குப் பெரும் இடையூறாயின. அந்தப் பொறுப்பிலிருந்து விலகித் தமக்கென ஒரு தனிப் படைப்பிரிவைத் திரட்டினார். 1779 அக்டோபரில் பிரிட்டிஷார் வசமிருந்த ஜார்ஜியா மாநிலத்தின் சவானா நகரை முற்றுகையிட்டபோது பீரங்கிச் சிதறல் பாய்ந்து, இரண்டு நாட்களில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 34. அமெரிக்கக் குதிரைப்படையின் தந்தை என்று இன்றும் அவரைக் குறிப்பிடுகிறார்கள்.

சிகாகோவில் அவர் கால் வைத்ததே இல்லை. அவர் காலத்தில் இந்த நகரமே கிடையாது. அவரை இங்கே நிலைநிறுத்தியவர்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இறைச்சிக் கூடங்களிலும் உருக்கு ஆலைகளிலும் வேலை தேடி வந்த போலந்து மக்கள். அண்டை வல்லரசுகள் மூன்றும் பங்கிட்டுக்கொண்டதால் 1795 முதல் 1918 வரை அவர்களுடைய நாடு உலக வரைபடத்திலேயே இல்லை. அத்தகைய மக்களுக்கு, அமெரிக்கா பிறந்தபோதே எங்களில் ஒருவர் அதற்காக உயிர் கொடுத்தார் என்று சொல்ல முடிந்தது எவ்வளவு பெரிய பிடிமானமாக இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். இந்த விடுமுறையின் உட்பொருள் அதுதான் என்று நான் கருதுகிறேன்.

புலாஸ்கியின் பெயருக்கு இந்நகரில் இடம் எளிதில் கிடைக்கவில்லை. 1933-இல் கிராஃபர்ட் அவென்யூவுக்குப் புலாஸ்கி சாலை என்று பெயர் மாற்றப்பட்டபோது, அத்தெருவின் வணிகர்கள் எதிர்த்து வழக்குத் தொடுத்தார்கள்; சச்சரவு 1950-கள் வரை இழுத்தது. நகர எல்லையைத் தாண்டி வடக்கே ஸ்கோக்கி, எவன்ஸ்டன் பக்கம் போனால் அதே நேர்கோட்டுச் சாலை இன்னும் கிராஃபர்ட் என்றே இருக்கும். முகவரி தேடும்போது குழம்ப வேண்டாம். புலாஸ்கி நாளுக்கான மாநிலச் சட்டம் 1977-இல்தான் வந்தது. அவர் பிறந்த நாள் மார்ச் தொடக்கத்தில் வருவதால் முதல் திங்கட்கிழமையைத் தேர்ந்தார்கள். அவர் இறந்த அக்டோபர் 11-ஐ நாடு முழுவதற்குமான நினைவு நாளாகக் குடியரசுத் தலைவர் தனியே அறிவிப்பார். இரண்டும் வேறு வேறு.

அன்றைய முக்கிய விழா மில்வாக்கி அவென்யூவில் உள்ள அமெரிக்கப் போலந்து அருங்காட்சியகத்தில், சவானாவில் புலாஸ்கி விழும் காட்சியைத் தீட்டிய பெரிய ஓவியத்தின் முன்னே நடக்கும். மாநில, நகரத் தலைவர்கள் வந்து பேசுவார்கள். அது அரங்குக்குள் நடப்பது. குழந்தைகளோடு ஊர்வலம் பார்க்க விரும்பினால், 1791-ஆம் ஆண்டின் போலந்து அரசியலமைப்பைக் கொண்டாடும் அணிவகுப்புக்காக மே மாதத் தொடக்கம் வரை காத்திருங்கள்.