பூங்காவில் கட்டுச்சோறு: எங்கே சொதப்புகிறது?

சிங்கப்பூரில் மார்ச் பள்ளி விடுமுறை வந்தால் போதும், பூமலை எனும் தாவரவியல் பூங்காவிலும் கிழக்குக் கடற்கரைப் பூங்காவிலும் புதிதாகப் பாய் விரிப்பவர்கள் பெருகிவிடுவார்கள். கரண்டியை மறந்தது, தட்டு பற்றாமல் போனது எல்லாம் பெரிய விஷயமில்லை. மறுநாள் கிளினிக் வாசலில் உட்கார வைக்கும் தவறு வேறு.

சூட்டோடு மூடிய சோறு

காலை ஆறு மணிக்குச் சாதம் வடித்து, புளியோதரையும் தயிர்சாதமும் கிளறி, ஆவி பறக்கும்போதே டப்பாவில் அழுத்தி மூடுவார்கள். எம்ஆர்டி ரயில் பிடித்து, பிள்ளைகள் ஆடி முடித்து, சாப்பிட உட்காரும்போது மணி ஒன்று. "காலையில செஞ்சதுதானே, ஃபிரெஷ்ஷாத்தான் இருக்கு" என்று பரிமாறுவார்கள். ஏழு மணி நேரச் சோறு என்ன ஃபிரெஷ்? எத்தனை முறை சொன்னாலும் இது மட்டும் மாறுவதில்லை.

அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் கிருமியின் வித்துகள் கொதித்தாலும் சாவதில்லை. 5 முதல் 60 டிகிரி செல்சியஸுக்குள் சோறு கிடந்தால் அவை முளைத்துப் பெருகும். வாந்தி வரவைக்கும் நஞ்சு சோற்றில் ஊறிவிட்டால், திரும்பச் சூடாக்கியும் பயனில்லை. இறுக்கி மூடிய டப்பாவின் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருப்பதால், கிருமிக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. முகர்ந்து பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது.

ஃபிரிட்ஜில் வைக்காத சோற்றைச் சமைத்த நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். கேட்டரிங் சாப்பாட்டில் நேரம் எழுதி ஒட்டுவது இதற்காகத்தான். கணக்கு தொடங்குவது அடுப்படியில், பாய் விரித்த இடத்தில் அல்ல.

ஒரு மணிக்குச் சாப்பாடு என்றால் பத்து மணிக்கு வடியுங்கள். அகலத் தாம்பாளத்தில் இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பி, மின்விசிறிக்கடியில் சூடு தணிந்ததும் கிளறி அடையுங்கள். தயிர்சாதத்தை முந்தின இரவே பிசைந்து ஃபிரிட்ஜில் வைப்பது மேல். காலையில் குளிர்காப்புப் பையில் வைத்து, உறையவைத்த 500 மில்லி தண்ணீர்ப் போத்தல் இரண்டை அதன் மேலே அடுக்குங்கள். குளிர் கீழ்நோக்கித்தான் இறங்கும். பையில் காலியிடம் விடாதீர்கள். உருகிய தண்ணீரைக் குடித்துக்கொள்ளலாம்.

தேங்காய்ச் சட்னியை வீட்டிலேயே விடுங்கள். நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடி தடவிய இட்லி இருக்கும்போது அது எதற்கு?

நிழலை நம்பிப் பாய் விரிப்பது

நம் ஊர்க் கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நேரம் முந்தி ஓடுகிறது. மார்ச்சில் உச்சிவெயில் ஏறக்குறைய 1.10 மணிக்கு. பதினொரு மணிக்கு மரத்தின் மேற்கே நிழல் பார்த்து உட்கார்ந்தவர் இரண்டரைக்கு வெயிலில் காய்வார். மதியத்துக்குமேல் இருக்கப்போகிறீர்களா, கிழக்குப் பக்கம் விரியுங்கள். விரிக்குமுன் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள்: இலைகளை ஒட்டிப் பின்னிய பந்து தெரிந்தால் அது முசுறு எறும்புக் கூடு. வேறு மரம் தேடுங்கள்.

பாய்க்கு அடியில் தார்ப்பாலின் போடாவிட்டால் புல்லின் ஈரம் பத்து நிமிடத்தில் மேலே வரும்.

இடிக்கு மரத்தடி

கூடாது. ஏப்ரல், மே மாதப் பிற்பகல்களில் இடிமழை சட்டென்று கட்டும். முதல் உறுமலிலேயே கட்டடத்துக்குள் போங்கள், பாத்திரம் நனைந்தால் நனையட்டும்.

பார்பிக்யூ குழி

முன்பதிவு செய்து அனுமதி வாங்காமல் கரி மூட்டையைத் தூக்காதீர்கள்.

குரங்குக்கு ஒரு வாய்

முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம்.