துள்ளும் உருண்டை எழுத்துரு: தேர்வும் கையாளும் முறையும்

கையால் வரைந்ததுபோல உருண்டு நிற்கும் எழுத்துருவைத் தேர்ந்தெடுக்க, அ முதல் ன வரை வரிசையாகப் பார்ப்பதில் பயனில்லை. நான் முதலில் தட்டச்சு செய்வது 'பட்டம்', 'கண்ணாடி' என்ற இரண்டு சொற்களை. ப, ட இரண்டும் நேர்கோட்டு எழுத்துகள். கோட்டின் முனையை மட்டும் உருட்டிவிட்டு உள்மூலையைக் கூர்மையாகவே விட்டிருந்தால் அந்த எழுத்துரு எனக்கு வேண்டாம். ண-வின் சுழிகள் தடித்த வடிவில் அடைபடுகின்றனவா என்பது 'கண்ணாடி'யில் தெரிந்துவிடும்.

தொடங்குவதற்கு, எழுத்துரு வடிவமைக்கும் எக் டைப் குழுவின் 'பாலூ தம்பி 2' போதும். கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கிறது. 400 முதல் 800 வரை ஐந்து தடிமன்கள் உண்டு. தலைப்புக்கு நான் 700 எடுப்பேன். 800 ஓரிரு சொற்களைப் பெரிதாக வைக்கும்போது மட்டும்.

இனி முக்கியமான வேலை. தமிழில் ஒரே மெய் இரட்டித்து வருவது மிக அதிகம். 'பட்டம்' என்பதில் இரண்டு ட-வும் அச்சுப் பிசகாமல் ஒரே மாதிரி நின்றால், கையால் வரைந்தது என்ற உணர்வு அங்கேயே கலைந்துவிடும். எனவே தலைப்பைக் கோட்டுருவமாக, அதாவது தட்டச்சு எழுத்தாக இல்லாமல் இழுத்து வளைக்கக்கூடிய வரைகோடுகளாக, மாற்றுங்கள். திருத்தக்கூடிய நகல் ஒன்றைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டாவது ட-வை இரண்டு டிகிரி சாய்த்து, அதன் முனையைச் சற்றே நீட்டுங்கள். புள்ளியையும் ஒரு மயிரிழை நகர்த்தலாம். எல்லா எழுத்தையும் ஆடவிட வேண்டாம். ஒழுங்காக நிற்கும் எழுத்துகள் பக்கத்தில் இருந்தால்தான் துள்ளும் எழுத்து துள்ளுவதாகத் தெரியும்.

எழுத்திடைவெளியைக் கூட்டும் ஆசையும் ஆபத்தானது. 'கொ'வில் கொம்பும் காலும் க-வை விட்டு விலகிப்போகும்.

இரண்டு வரித் தலைப்பென்றால், வரி இடைவெளியை எழுத்தளவின் 1.4 மடங்கில் தொடங்கிப் பாருங்கள். மேல்வரியின் 'கு', 'மூ' கீழே இறங்கும். கீழ்வரியின் 'கி', புள்ளி எல்லாம் மேலே எழும். ஓரிடத்தில் மட்டும் மோதினால் இடைவெளியைக் கூட்டாதீர்கள், வரியை வேறு சொல்லில் உடையுங்கள்.

வெள்ளை விளிம்பு வேண்டுமானால் எழுத்தின் மேலேயே கோடு போடக் கூடாது. கோட்டின் பாதி உள்ளே நுழைந்து சுழிகளைத் தின்றுவிடும். அதே தலைப்பின் நகலைப் பின்னால் வைத்து அதற்கு விளிம்பு கொடுங்கள்.

குழந்தைகள் நூலின் அட்டை, விளையாட்டுப் பெட்டி, ஸ்டிக்கர், செயலியின் வரவேற்புத் திரை ஆகியவற்றில் இந்த எழுத்துரு மனத்தை உடனே இளக்கும். மருந்தளவு, எச்சரிக்கை, நீண்ட பத்தி ஆகியவற்றில் வைக்காதீர்கள். பத்திக்கு அதே குழுவின் 'முக்த மலர்' நிதானமாகத் துணைநிற்கும்.

கடைசியாக, அச்சாகப்போகும் அளவிலேயே ஒரு தாளில் எடுத்து, கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். ண-வின் சுழிகள் அந்தத் தூரத்தில் கறுத்துத் தெரிந்தால் தடிமனை 600-க்கு இறக்குங்கள்.