நாடாப்புழுவின் கொழுப்பமிலப் பிணைப்புப் புரதம்: பிணைப்புத் திறனை அளக்கும் முறை

நாடாப்புழுக்களுக்குக் குடல் இல்லை. கொழுப்பமிலங்களைத் தாமே உருவாக்கும் ஆற்றலும் இல்லை. தாம் ஒண்டி வாழும் விலங்கிடமிருந்தே அவற்றைப் பெற வேண்டியிருப்பதால், நீரில் எளிதில் கரையாத அவ்வமிலங்களை உயிரணுவுக்குள் ஏந்திச் செல்லும் புரதங்கள் இப்புழுக்களின் வாழ்வுக்கு இன்றியமையாதவை எனக் கருதப்படுகின்றன. இவற்றுள் நன்கு ஆராயப்பட்டது, முதிர்நிலையில் நாயின் சிறுகுடலிலும், இளநிலையில் ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டியாகவும் வாழும் எக்கினோகாக்கஸ் கிரானுலோசஸ் புழுவின் புரதமாகும். ஏறத்தாழ 15 கிலோடால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) எடையுள்ள அது, 10 பீட்டா இழைகளாலான பீப்பாயைப் போன்றது. அதன் வாயை 2 ஆல்பா சுருள்கள் மூடியிருக்கின்றன.

இப்புரதத்தின் பிணைப்புத் திறனை அளக்க நீர்க்கட்டியைக் கையாள வேண்டியதில்லை. புரதத்துக்குரிய மரபணுவை ஈ. கோலை பாக்டீரியாவில் செலுத்தி, ஐபிடிஜி என்னும் தூண்டுபொருளைச் சேர்த்து உற்பத்தியைத் தூண்டி, நிக்கல் பத்தியில் (நிக்கல் பொதிந்த பிரிப்புக் குழாயில்) தூய்மைப்படுத்தினால் போதும்.

அடுத்த படியே மிக முக்கியமானது. இவ்வகைப் புரதம், வளர்த்த பாக்டீரியாவின் கொழுப்பமிலத்தையும் தன் பீப்பாயின் உட்குழிக்குள் சுமந்தே வெளிவரக்கூடும். 2003இல் வெளியான இப்புரதத்தின் படிக அமைப்பிலும் குழிக்குள் பால்மிட்டிக் அமிலம் காணப்பட்டது. நிரம்பிய குழியை வெறுமையானது என நம்பி அளந்தால் கிடைக்கும் எண்கள் அனைத்தும் பிழையாகிவிடும். ஆகவே, புரதக் கரைசலை 37 பாகை செல்சியசில், கொழுப்பை ஈர்த்துக்கொள்ளும் லிப்பிடெக்ஸ் பத்தி வழியே செலுத்திக் கொழுப்பை நீக்குங்கள். அவசரத்தில் பலர் கைவிடும் படி இது. நீங்கள் கைவிட வேண்டாம்.

பின்னர் ஏஎன்எஸ் என்னும் ஒளிர்பொருளைப் பயன்படுத்துங்கள். நீரில் மங்கலாகவும், நீர்வெறுக்கும் குழிக்குள் பிரகாசமாகவும் ஒளிர்வது அதன் இயல்பு. புரதத்துடன் அதைச் சிறிது சிறிதாகக் கூட்டி, ஒளிர்வு மேலும் உயராத நிலைவரை அளந்து, முதலில் அதன் பிரிகை மாறிலியை (பிணைப்பின் வலிமையைக் காட்டும் செறிவு; இது குறைவாக இருந்தால் பிணைப்பு வலிமையானது) கணக்கிடுங்கள். அதன்பின், எத்தனாலில் கரைத்த ஒலியிக் அமிலத்தைப் படிப்படியாகச் சேர்க்கையில், குழியிலிருந்து ஏஎன்எஸ் வெளியேற்றப்பட்டு ஒளிர்வு குறையும். ஒளிர்வு பாதியாகும் ஒலியிக் அமிலச் செறிவை, ஏஎன்எஸ் செறிவை அதன் பிரிகை மாறிலியால் வகுத்து ஒன்றைக் கூட்டி வரும் எண்ணால் வகுத்தால், ஒலியிக் அமிலத்தின் பிரிகை மாறிலி தோராயமாகக் கிடைக்கும். புரதத்தின் செறிவு மிகக் குறைவாக இருந்தால்தான் இக்கணக்கு பொருந்தும்.

கொழுப்பமிலம் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்வதால் கண்ணாடிக் குப்பிகளையே பயன்படுத்துங்கள். எத்தனால் மட்டும் சேர்த்த ஒப்பீட்டுக் குப்பியிலும் ஒளிர்வு கணிசமாக மங்கினால், அந்த அளவீட்டை விலக்கிவிட்டு, எத்தனாலின் அளவைக் குறைத்து மீண்டும் தொடங்குங்கள்.