கேமரா கொல்லையில், நாம் அடுக்களையில்: வீட்டுக்கு வரும் பறவைகளை ரிமோட் வைத்துப் படம் எடுப்பது எப்படி?

பறவையைப் படம் எடுக்கணும் என்றால் லட்ச ரூபாய்க்கு லென்ஸ் வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஆசையை அப்படியே மூட்டை கட்டி வைத்தவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். நானும் நாலு வருடம் அப்படித்தான் இருந்தேன். தென்காசிப் பக்கம் எங்கள் வீட்டுக் கொல்லையில் பெரிதாக ஒன்றும் கிடையாது. கிணற்றடியை ஒட்டி ஒரு முருங்கை, ஒரு கொய்யா, நாலைந்து வாழை, ஒரு துவைக்கிற கல். ஆனால் அங்கே கொண்டைக்குருவியும் தவிட்டுக்குருவியும் குண்டுகரிச்சானும் தையல்சிட்டும் தினமும் வருகின்றன. கேமராவோடு கதவைத் திறந்தால் எல்லாம் பறந்துவிடும். கேமராவை வெளியே வைத்துவிட்டு நான் உள்ளே இருக்க ஆரம்பித்த பிறகுதான் படம் கிடைத்தது.

முதலில் கணக்கைப் பாருங்கள், தைரியம் வரும். கொண்டைக்குருவி வாலோடு சேர்த்து 20 செ.மீ. இருக்கும். சாதாரண கிராப் சென்சார் (படம் பதியும் சில்லு கொஞ்சம் சிறியதாக இருக்கும்) கேமராவில் 50 மி.மீ. லென்ஸைப் போட்டு, பறவை உட்காரும் இடத்திலிருந்து ஒரு மீட்டரில் வைத்தால், படத்துக்குள் அடங்கும் அகலம் சுமார் 42 செ.மீ. அதாவது குருவி பாதிப் படத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். இதையே எட்டு மீட்டர் தள்ளி நின்று எடுக்க 400 மி.மீ. லென்ஸ் வேண்டும். காசு மிச்சம் என்பது ஒரு பக்கம். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, நாம் பக்கத்தில் இல்லாதபோது பறவை வேறு மாதிரி இருக்கிறது என்பதுதான். இறகைப் பந்தாக உப்பிக்கொள்ளும், கண்ணை மூடி வெயில் காயும், ஒன்றையொன்று கோதிவிடும். ஆள் நிற்கிற இடத்தில் இதெல்லாம் நடக்காது.

1. ஒரு வாரம் கேமராவைத் தொடாதீர்கள்

ஜன்னல் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு, எது எத்தனை மணிக்கு வருகிறது, எந்தக் கிளையில் முதலில் உட்காருகிறது, எந்தப் பக்கம் பறந்து போகிறது என்று எழுதுங்கள். எங்கள் வீட்டில் தவிட்டுக்குருவிக் கூட்டம் காலை ஏழு மணி வாக்கில் சத்தம் போட்டுக்கொண்டே வரும். குண்டுகரிச்சான் விளக்கு வைக்கிற நேரத்தில்தான் குளிக்க வரும். தையல்சிட்டு தண்ணீருக்குள் இறங்காமல் நனைந்த இலையில் உடம்பைத் தேய்த்துக் குளிக்கும், அதனால் தண்ணீர்ச் சட்டியைக் குறிவைத்துக் கேமராவை வைத்தால் அது கிடைக்காது. இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு வழக்கம் உண்டு, அதைத் தெரிந்துகொள்ளாமல் ரிமோட்டை அழுத்திப் பயனில்லை.

வெயில் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் எடுப்பதாக இருந்தால் சூரியன் கேமராவுக்குப் பின்னால் இருக்கணும்.

2. தண்ணீர் வையுங்கள்

தீனியைவிடத் தண்ணீர் நல்லது என்பது என் அனுபவம். தானியம் வைத்தால் புறாவும் காக்கையும் வரும். தண்ணீருக்கு எல்லாமே வரும், சித்திரை வெயிலில் உச்சி நேரத்தில்கூட வரும். வாய் அகன்ற, ஆழமில்லாத மண்சட்டி போதும். இரண்டிலிருந்து ஐந்து செ.மீ. ஆழத்துக்கு மேல் தண்ணீர் வேண்டாம். நடுவில் ஒரு கல்லைப் போட்டால் சின்னக் குருவிகளுக்குக் கால் ஊன்ற இடம் கிடைக்கும். தினமும் பழைய தண்ணீரைக் கொட்டி, தேங்காய் நாரால் சட்டியைத் தேய்த்துக் கழுவி, புதுசாக ஊற்றணும். இதில் சோம்பல் கூடாது. தேங்கிய தண்ணீரில் கொசு வளரும், அழுக்குச் சட்டியிலிருந்து பறவைகளுக்கு நோய் பரவும்.

பூனை இருக்கிற தெரு என்றால் சட்டியைப் புதருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். பதுங்க இடமில்லாதபடி சுற்றி இரண்டு மீட்டர் வெட்டவெளியாக இருக்கட்டும், அதைத் தாண்டி ஏதாவது மரம் இருந்தால் பறவை ஏறித் தப்பிக்கும்.

தீனியும் வைக்க ஆசை என்றால் கம்பு, தினை, நொய்யரிசி, பழுத்த பப்பாளித் துண்டு. உப்பு போட்ட எதுவும் வேண்டாம். தேன்சிட்டு மட்டும் இதற்கெல்லாம் வராது, அதற்கு இட்லிப்பூவோ செம்பருத்தியோதான்.

3. குச்சிதான் முக்கியம்

புதிதாக எடுப்பவர்கள் பெரும்பாலும் சட்டியைத்தான் எடுப்பார்கள். படத்தில் மண்சட்டி விளிம்பும், நனைந்த குருவியின் முதுகும்தான் இருக்கும். பறவை நேராகத் தண்ணீரில் இறங்குவது குறைவு. பக்கத்தில் ஒரு இடத்தில் உட்கார்ந்து சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுத்தான் இறங்கும், குளித்து முடித்து அங்கேயே வந்து இறகு கோதும். அந்த உட்காரும் இடத்தை நாமே அமைத்துக்கொடுத்தால் பாதி வேலை முடிந்தது.

கட்டை விரல் தடிமனில் பட்டை உரிந்த ஒரு காய்ந்த கொய்யாக் கிளையை எடுத்து, சட்டிக்கு அரை மீட்டர் தள்ளி, மணல் நிரப்பிய வாளியில் நட்டு வையுங்கள். கிளை கேமராவை நோக்கி நீளாமல் குறுக்காகப் போகணும். அப்போதுதான் பறவை கிளையில் எங்கே உட்கார்ந்தாலும் ஒரே தூரத்தில் இருக்கும், போகஸ் தப்பாது.

பின்னணியைப் பாருங்கள். கிளைக்குப் பின்னால் மூன்று நான்கு மீட்டர் தள்ளி வாழை இலையோ வேலிச் செடியோ இருந்தால் பச்சையாகக் கரைந்து அழகாக இருக்கும். துணிக்கொடி, சிமெண்டுச் சுவர், பிளாஸ்டிக் குடம் எதுவும் கண்ணில் படாதபடி இடத்தை மாற்றுங்கள்.

4. பொம்மைக் கேமரா

டிரைபாட் (கேமராவைத் தாங்கும் முக்காலி) வைக்கப்போகிற இடத்தில், அதே உயரத்தில், கேமரா அளவுள்ள ஒரு அட்டைப்பெட்டிக்குக் கறுப்புத் துணி சுற்றி மூன்று நான்கு நாள் வைத்துவிடுங்கள். முதல் நாள் சந்தேகப்படும், இரண்டாம் நாள் சுற்றி வரும், அப்புறம் அதன் மேலேயே உட்காரும். பெட்டியை எடுத்துவிட்டுக் கேமராவை வைத்தால் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

5. எந்த ரிமோட்?

கேமராவே இல்லையா, போன் போதும். செல்பி எடுக்க விற்கும் சின்ன புளூடூத் பொத்தான் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அது போனின் வால்யூம் பொத்தானை அழுத்துவதுபோல வேலை செய்கிறது, அதனால் கேமரா செட்டிங்கில் வால்யூம் பொத்தானைப் படம் எடுக்கும் பொத்தானாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். வெட்டவெளியில் பத்து மீட்டர் வரை எட்டும், நடுவே சுவர் இருந்தால் குறையும். போனைக் கிளைக்கு 30, 40 செ.மீ. அருகில் வைத்து, கிளையில் விரலை அழுத்திப் பிடித்துப் போகஸைப் பூட்டிவிடுங்கள். போனைப் பிளைட் மோடில் போட்டு புளூடூத்தை மட்டும் திறந்து வையுங்கள். சரியாகக் குருவி உட்காரும் நேரத்தில் யாராவது அழைத்தால் அன்றைய காலை அவ்வளவுதான்.

கேமரா இருப்பவர்களுக்கு நாலு வழி. கேபிள் ரிலீஸ், அதாவது கேபிளின் நுனியில் பொத்தான் உள்ளது, அதுதான் மலிவு, பேட்டரி தேவையில்லை, ஏமாற்றாது. அதன் உள்ளே இருப்பது மூன்று கம்பிகள்தான்: ஒன்று பொதுக் கம்பி, ஒன்று போகஸ், ஒன்று ஷட்டர் (வெளிச்சத்தை உள்ளே விடும் கதவு). பொதுக் கம்பியோடு போகஸ் சேர்ந்தால் கேமராப் பொத்தானைப் பாதி அழுத்தியது மாதிரி, ஷட்டரும் சேர்ந்தால் படம். உங்கள் கேமராவில் 2.5 மி.மீ. பின் (pin) செருகும் துளை இருந்தால் அதே அளவு ஸ்டீரியோ எக்ஸ்டென்ஷன் கேபிளை இணைத்து ஐந்து மீட்டர் வரை இழுத்துக்கொள்ளலாம். துளை மாடலுக்கு மாடல் மாறும், வாங்கும் முன் பாருங்கள்.

இன்ஃப்ராரெட் ரிமோட் வேண்டாம். அது நேர்ப்பார்வையில் இருந்தால்தான் வேலை செய்யும், வெயிலில் தடுமாறும், பல கேமராக்களில் அதை வாங்கும் கண் முன்பக்கம்தான் இருக்கும், நாமோ பின்பக்கம் உட்கார்ந்திருப்போம்.

ரேடியோ ரிமோட்டைத்தான் நான் சிபாரிசு செய்வேன். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் ஓடும் இதன் ரிசீவர் கேமராவின் தலையில் செருகிக்கொள்ளும், சுவரைத் தாண்டியும் வேலை செய்யும். கடைசியாக ஆப். கேனான், நிக்கான், சோனி எல்லாமே வைஃபை வழியாகப் போனில் காட்சியைப் பார்த்துக்கொண்டே அழுத்த ஆப் கொடுக்கின்றன. பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் காட்சி கொஞ்சம் பிந்தி வரும், பேட்டரியையும் குடிக்கும். நான் ஆப்பை வைத்துக் கிளை படத்தின் சட்டத்துக்குள் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அணைத்துவிடுவேன். அழுத்துவது ரேடியோவில்தான்.

அசைவைக் கண்டு தானே படம் எடுக்கும் காட்டுக் கேமராக்களும் உண்டு. அவை சுற்றுப்புறத்துக்கும் உடலுக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தைப் பிடிப்பவை. நம் ஊர் மத்தியான வெயிலில் அந்த வித்தியாசம் குறைந்துவிடும், சூடான இலை காற்றில் ஆடினாலும் படம் எடுத்துத் தள்ளும். கொல்லைக் குருவிக்கு அவ்வளவாகப் பொருந்தாது.

6. போகஸ், செட்டிங்

கிளையில் பறவை உட்காரும் இடத்தில் ஒரு துணிக் கிளிப்பை மாட்டுங்கள். அதன் மேல் ஆட்டோவில் போகஸ் செய்து, உடனே மேனுவலுக்கு மாற்றி, லென்ஸ் வளையத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டுக் கிளிப்பை எடுத்துவிடுங்கள்.

துளையளவை (லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் திறப்பு; எண் கூடினால் திறப்பு சிறுக்கும்) எஃப்/8-ல் வையுங்கள். இதற்கும் கணக்கு இருக்கிறது. ஒரு மீட்டரில் 50 மி.மீ. லென்ஸை எஃப்/1.8-ல் திறந்தால் தெளிவாக விழும் ஆழம் மூன்று செ.மீ.கூட இல்லை, பறவை தலையைத் திருப்பினாலே கண் மங்கிவிடும். எஃப்/8-ல் அது சுமார் 12 செ.மீ. ஆகிறது. பின்னணியைக் கரைக்கும் ஆசையில் முழுதாகத் திறக்காதீர்கள், பின்னணி தூரத்தில் இருந்தால் எஃப்/8-லும் கரையும்.

ஷட்டர் வேகம் சும்மா உட்கார்ந்திருக்கும் குருவிக்கு 1/250 நொடி போதும், தண்ணீர் தெறிக்கக் குளிப்பதற்கு 1/1000 நொடி வேண்டும். ஐ.எஸ்.ஓ.வை (வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறன்) ஆட்டோவில் விட்டு உச்சவரம்பை 6400 என்று வையுங்கள். மர நிழலில் அது 1600-ஐத் தொடும், பயப்படாதீர்கள். கொஞ்சம் புள்ளி விழுந்த தெளிவான படம், மழுங்கிய சுத்தமான படத்தைவிட எவ்வளவோ மேல்.

பீப் சத்தம், பிளாஷ், போகஸுக்கு உதவும் சின்ன விளக்கு மூன்றையும் அணையுங்கள். கேமரா தானாக அணையும் வசதியையும் நிறுத்துங்கள். இதை மறந்து நான் ஒரு முழுக் காலையை இழந்திருக்கிறேன்: ஜோடியாக வந்த கொண்டைக்குருவிகள் பத்து நிமிடம் குளித்தன, நான் அழுத்திக்கொண்டே இருந்தேன், கேமரா எப்போதோ தூங்கிப்போயிருந்தது. சைலண்ட் மோடு இருந்தால் போடுங்கள். ஆனால் அதில் ஓடும் எலக்ட்ரானிக் ஷட்டரில் சிறகடிக்கும்போது சிறகு வளைந்து கோணலாக விழும், உட்கார்ந்திருக்கும் பறவைக்கு மட்டும் அது சரி.

7. எப்போது அழுத்துவது

முதல் இரண்டு வருகைக்கு அழுத்தாதீர்கள். இறங்கிக் குடித்துவிட்டுப் போகட்டும். மூன்றாவது முறை ஒரே ஒரு படம் எடுத்துப் பாருங்கள். சத்தத்துக்குத் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குடித்தால் பழகிவிட்டது என்று அர்த்தம். பறந்துவிட்டால் கேமராவைச் சுற்றி ஒரு துண்டைக் கட்டிச் சத்தத்தை அடக்கி, மறுநாள் பாருங்கள்.

பெரும்பாலான பறவைகள் ஒரு வாய் தண்ணீரை அள்ளித் தலையைத் தூக்கித்தான் விழுங்கும், அலகின் நுனியில் சொட்டு நிற்கும் அந்த நொடிக்குக் காத்திருங்கள். புறாவோ தலையைத் தூக்காமல் உறிஞ்சும். குளியல் என்றால் முதல் முங்கலுக்குப் பிறகு தொடர்ச்சியாக எடுக்கலாம், அந்த நேரத்தில் அதன் கவனம் முழுக்கத் தண்ணீரில். எனக்குப் பிடித்தவை அதற்கும் பிறகு வருபவை. நனைந்து இளைத்துப்போன குருவி கிளையில் ஏறி, ஒவ்வொரு இறகாக அலகால் உருவி, மறுபடி உருண்டையாக மாறும் அந்த அஞ்சு நிமிடம்.

8. கேமராவுக்குக் காவல்

வெறும் வெயிலில் கேமராவை விடாதீர்கள், ஒரு வெள்ளைத் துணியாவது மேலே போடுங்கள். தூறலுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை. டிரைபாடின் நடுக்கொக்கியில் செங்கல்லைக் கட்டித் தொங்கவிட்டால் காற்றுக்குச் சாயாது. கேபிள் தரையில் கிடந்தால் அணில் கடிக்கும், என் முதல் கேபிள் அப்படித்தான் போனது. பழைய தண்ணீர்க் குழாய்க்குள் விட்டு இழுத்துவிடுங்கள்.

9. கூட்டுப் பக்கம் மட்டும் வேண்டாம்

ரிமோட் இருக்கிறதே, கூட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் என்ன என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாம். படத்துக்காக இரண்டு இலையை விலக்கினால் போதும், கூடு காக்கைக்கும் வல்லூறுக்கும் தெரிந்துவிடும். தாய் கூட்டை விட்டே போய்விடலாம். போனில் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதும் கூடாது, தன் எல்லைக்குள் வேறொன்று வந்துவிட்டது என்று அது இரை தேடுவதை விட்டுவிட்டு அலையும். இந்தப் பறவைகளைப் பிடிப்பதும் கூண்டில் வைப்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அவர்களையும் ஜன்னலுக்கு அழைத்து ரிமோட்டைக் கையில் கொடுத்தால் இன்னும் நல்லது.

எடுத்த படங்களைத் தேதி, நேரத்தோடு சேமித்து பறவைப் பதிவுகளைச் சேகரிக்கும் இபேர்ட் (eBird) இணையதளத்தில் பட்டியலோடு ஏற்றுங்கள். பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் வீட்டுக் கொல்லையிலிருந்தே சேரலாம்.

என் அடுத்த வேலை ஆறுமணிக்குருவி. குளிர்காலத்துக்கு வடக்கிலிருந்து வந்து, விடியலிலும் அந்தியிலும் கூவிவிட்டு, பகலெல்லாம் சருகைப் புரட்டி இரை தேடும் பறவை. போன வருடம் வாழையடியில் இரண்டு நாள் பார்த்தேன், கதவுக் கொண்டி அசைந்ததும் போய்விட்டது. இந்தப் புரட்டாசியிலேயே வாழையடிச் சருகைக் கூட்டாமல் விட்டுவிட்டேன், தரையோடு தரையாக அட்டைப்பெட்டியையும் வைத்தாயிற்று.