அடுப்பு மேல் தூங்கும் ஆட்டுக்கால் சூப்

ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூர் சௌக்கிட் சந்தையில் ஆட்டுக்கால் வாங்கிவந்து, மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு ஒரு பானை சூப் வைத்தால், செந்தூலில் எங்கள் மாடி முழுக்க மணக்கும். அன்றைக்கே தீராது. மிச்சத்தை மூடி அடுப்பு மேலேயே விட்டுவிட்டு, "காலையில ஒரு கொதி விட்டா சரியாயிடும்" என்று படுக்கப் போய்விடுவோம். எங்கள் வீட்டிலும் பல வருடம் இதுதான் வழக்கம்.

அந்தக் கொதியை நம்புவதுதான் பெரிய தவறு. கொதிக்கும்போது கிருமிகள் சாகும். ஆனால் குளோஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ், பாசிலஸ் செரியஸ் போன்ற கிருமிகளின் வித்துகள், அதாவது சூட்டைத் தாங்கும் ஓட்டுக்குள் அவை உறங்கும் நிலை, பிழைத்துக்கொள்ளும். சூப் ஆறி 60 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் முளைத்துப் பெருக ஆரம்பிக்கும். பெர்ஃபிரிஞ்சன்ஸுக்கு 43 முதல் 47 டிகிரி வரை ரொம்பவே தோதான சூடு, இறைச்சிச் சாறு கிடைத்தால் கேட்கவே வேண்டாம். கஞ்சியோ மீஹூனோ (அரிசி சேமியா) சேர்ந்த சூப் என்றால் செரியஸ் விடும் நச்சு வேறு. அது மறுநாள் எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அழியாது. தோட்டத்தில் பாட்டி வைத்த சூப் கெடவில்லையே என்பீர்கள். அவர் விறகடுப்புத் தணலில் விட்டிருப்பார், சூடு இறங்காது. நம் கேஸ் அடுப்பில் தணல் ஏது?

இறக்கிய 2 மணி நேரத்துக்குள் பிரிட்ஜுக்குப் போக வேண்டும். 32 டிகிரியைத் தாண்டும் மத்தியானத்தில் 1 மணி நேரம்தான். தாப்பாவ் (பார்சல்) வாங்கிக் காரில் மறந்துவிட்ட சூப்புக்கும் இதே கணக்கு.

அதற்காகப் பானையோடு பிரிட்ஜில் தள்ளிவிடாதீர்கள். நடுச்சூடு பல மணி நேரம் இறங்காது, பக்கத்திலிருக்கும் பாலும் சூடாகும். ஐஸ் போட்ட தண்ணீரில் பானையை வைத்துக் கிண்டி ஆற்றுங்கள். அப்புறம் இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் அகலமான டப்பாக்களில் ஊற்றுங்கள். 4 டிகிரி பிரிட்ஜில் 3, 4 நாள் தாங்கும். பிரீசரில் 2, 3 மாதம் வரை ருசி குறையாது. தேங்காய்ப்பால் சேர்ப்பதாக இருந்தால் சூடு பண்ணும்போது சேருங்கள், உறைந்தால் திரிந்துபோகும்.

கெட்டதைக் கண்டுபிடிப்பதிலும் இரண்டு குழப்பம். பிரிட்ஜிலிருந்து எடுத்த ஆட்டுக்கால் சூப் ஜெல்லி மாதிரி ஆடினால் பதறி ஊற்றிவிடுகிறார்கள். அது எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் இறங்கிய பசை, நல்ல சூப்பின் அடையாளம். மேலே வெள்ளையாகப் படிவது கொழுப்பு. புளிச்ச வாடை, அசைக்காமலே எழும் நுரை, கரண்டியில் நூல் விடுவது, உப்பிய மூடி, பூஞ்சணம், இவைதான் ஊசிப்போனதற்கு அறிகுறி. இன்னொன்று, "வாடை வரலையே, ஒரு வாய் குடிச்சுப் பார்ப்போம்" என்பது. வயிற்றைக் கெடுக்கும் கிருமிகள் பல நேரம் வாடையே காட்டாது. இரவு முழுக்க வெளியே இருந்தது என்று தெரிந்தால், மணமாக இருந்தாலும் கொட்டிவிடுங்கள்.

வேண்டியதை மட்டும் எடுத்துத் தளதளவென்று கொதிக்க வையுங்கள். மொத்தத்தையும் சூடு பண்ணித் திரும்ப உள்ளே வைப்பது வேண்டாம். டப்பா மேல் தேதி எழுதிய டேப் ஒன்றும் ஒட்டிவிடுங்கள், "இது எப்ப வச்சது?" என்றால் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் பதில் தெரிந்ததில்லை.